லோர்னா கீழே இருந்த ஆட்டங்கள்

காபியை அங்கேயே வையுங்கள் மேடம், ஆறட்டும். நான் எதையும் சூடாகக் குடிப்பதில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். காலையில் அவசரமாக ஒரு வாய் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு வண்டியில் ஏறினால் அன்று முழுக்க எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலைப் பிள்ளைகள் மேல்தான் காட்டத் தோன்றும். அதனால் ஆறவைத்துக் குடிக்கப் பழகிக்கொண்டேன். என் வண்டியில் ஏறிய ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. பெல்டனில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஆரின் ஹாஸ்கெல் நிதானமான ஆள் என்றுதான் சொல்வார்கள்.

அந்த டேப் அது பாட்டுக்கு ஓடட்டும். வக்கீல் வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். நடந்ததை நடந்த மாதிரி சொல்ல எதற்கு வக்கீல்?

நீங்கள் பேஸ்பால் பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள். அதுதான் சிரமம். பார்க்கிறவராக இருந்திருந்தால் பாதியை நான் சொல்லவே தேவையில்லை, நீங்களே தலையை ஆட்டியிருப்பீர்கள். பரவாயில்லை, மெதுவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அணிக்கு நாரைகள் என்று பெயர். ஏரிக்கரை ஊர், அதனால் அந்தப் பெயர். சின்ன லீக்தான். பெரிய அணிகள் எடுத்துக்கொள்ளும் வரை இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். பதினான்கு வருடமாக நாங்கள் கடைசி இடம், அல்லது கடைசிக்கு முந்திய இடம். தொழிற்சாலை மூடிய பிறகு ஊரில் பேசிக்கொள்ள நாரைகளை விட்டால் வேறொன்றும் இல்லை. தோற்றாலும் எங்கள் ஆட்கள். இறுதிச் சுற்றுக்கு ஒரு தடவை போய்விட்டால் போதும், இந்த ஊர் இன்னும் செத்துப்போகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தோம்.

என் மனைவி லோர்னாவுக்கும் ஆட்டம் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஏதோ ஒன்றும் தெரியாமல் என்னிடம் மாட்டிக்கொண்டவள் என்று அவள் தங்கை ஜோனி உங்களிடம் சொல்லியிருப்பாள். அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் நானும் லோர்னாவும் மைதானத்தில் மூன்றாம் தளத்துப் பக்கம் உட்கார்ந்து வேர்க்கடலைத் தோலைத் துப்பிக்கொண்டே எதிரணியைக் கேலி செய்வோம். அவள் வாய் நீளம். எதிரணி வீச்சாளனைப் பார்த்து, "தம்பி, உங்கம்மா இதைவிட நல்லா வீசுவாங்களே!" என்று கத்துவாள். சுற்றியிருப்பவர்கள் அவளுக்காகவே பக்கத்தில் வந்து உட்காருவார்கள். பிறகு அவளுக்கு ஆஸ்துமா அதிகமாகி, புழுதியும் புகையும் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், வீட்டிலிருந்தே வானொலியில் கேட்க ஆரம்பித்தோம். அவளுக்குத் துணையாகத்தான் நானும் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினேன். இதையும் எழுதிக்கொள்ளலாம்.

இந்த வருடம் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். வானொலி என் கைக்கெட்டும் சின்னக் குளிர்பெட்டியின் மேல் இருக்கிறது. நான் சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நிலவறைக்கு இறங்கும் கதவு என் நாற்காலியிலிருந்து நாலடி. நீங்கள் வந்து பார்த்தீர்களே, அதே இடம்தான். ஒன்பது சுற்றில் அது நாலாவது சுற்று. நாரைகள் ஆறு ரன் பின்தங்கி இருந்தார்கள், நம் பக்கம் ஒரு ரன்கூட இல்லை. லோர்னா துணி துவைக்கிற இயந்திரத்திலிருந்து துணியை எடுக்கக் கீழே போனாள். ஈரத்தில் அந்தக் கதவு உப்பிக்கொள்ளும். அவள் பின்னால் சாத்திக்கொண்டது, திரும்பத் திறக்க வரவில்லை. தட்டினாள்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழப்போனேன். சரியாக அந்த நேரத்தில் டவாரஸ் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. இரண்டு ரன்.

டவாரஸ் அந்த வருடம் புதிதாக வந்தவன். அதுவரை மொத்தமாக ஒரு தடவைகூட வேலியைத் தாண்டி அடித்ததில்லை. நான் பாதி எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தேன். ஆட்டம் பார்க்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள். நல்லது நடக்கும்போது இருக்கிற இடத்தை மாற்றக் கூடாது. அவள் மறுபடியும் தட்டினாள். ஆறாவது சுற்றில் டவாரஸ் இன்னொன்று அடித்தான். ஆறுக்கு மூன்று. எட்டாவது சுற்றில் மூன்று தளத்திலும் ஆள் நிற்கும்போது அவன் மூன்றாவதை அடித்தான். நாலு ரன். ஏழுக்கு ஆறு என்று ஜெயித்தோம். ஒரே ஆட்டத்தில் ஒரே ஆள் அடித்த மூன்று ஹோம் ரன். பெல்டனில் யாரும் அதுவரை பார்த்திராத விஷயம்.

கடைசி அவுட் விழுந்ததும் இரண்டு கையாலும் கதவை இழுத்துத் திறந்தேன். லோர்னா வியர்வையோடு நின்றாள்.

"காது அவிஞ்சு போச்சா உனக்கு? ஒன்னேகால் மணி நேரமா தட்டுறேன்!"

"டவாரஸ் மூணு அடிச்சுட்டான், லோர்னா."

"மூணா? யாரு, அந்த ஒட்டடைக்குச்சியா?"

"மூணு. நீ கீழ போனதிலேருந்து."

அவள் என்னை ஒரு கணம் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அப்ப எனக்கும் ஒரு தொப்பி குடுக்கச் சொல்லு. பாதி வேலை நான்ல பாத்திருக்கேன்."

கவனியுங்கள் மேடம், முதலில் சொன்னது அவள்தான்.

மறுநாள் சாப்பாட்டுக் கடையில் இதை வெண்டெல் பைக்கிடம் சொன்னேன். வெண்டெல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். அவன் பான்கேக்கை வாயில் வைத்துக்கொண்டே, "அப்பறம் என்னய்யா யோசனை? சீசன் முடியற வரைக்கும் அவளைக் கீழயே வை. நான் தினம் சோறு கொண்டாந்து தர்றேன்" என்றான். கடையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, மனசுக்குள் அது உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஆட்டத்தில் அவள் மேலே இருந்தாள், தோற்றோம். அதற்கடுத்த ஆட்டத்தின்போது, கீழே அலமாரியில் இருக்கும் பீச் ஊறுகாய் ஜாடியை எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன், கதவைக் காலால் சாத்தினேன். அன்று எங்கள் மையக்காப்பாளன் வேலிமேல் ஏறி, வெளியே போன பந்தை அந்தரத்தில் பிடித்தான். அப்படி ஒரு பிடியை இதுவரை பார்த்ததில்லை என்று வர்ணனையாளர் சொன்னார். ஜெயித்தோம்.

நான் முட்டாள் இல்லை. இரண்டு தடவை நடந்தால் அது தற்செயல். அதனால் சுவர் நாட்காட்டியில் குறிக்க ஆரம்பித்தேன். அவள் மேலே இருந்த நாளில் 'மேல்', கீழே இருந்த நாளில் 'கீழ்'. அந்த நாட்காட்டி உங்களிடம்தான் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். கீழே இருந்த பதினோரு ஆட்டத்தில் ஒன்பது வெற்றி. மேலே இருந்த ஏழில் ஒன்றே ஒன்று. நீங்கள் துப்பறிகிறவர். இப்படி ஒரு தடயம் கிடைத்தால் விட்டுவிடுவீர்களா?

லோர்னா கண்டுபிடித்துவிட்டாள். ஊறுகாய் ஜாடி என்று எத்தனை தடவை சொல்ல முடியும்? நாட்காட்டியைக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிப்பா, ஒரு வாரம்" என்றாள். ஒரு சாய்வு நாற்காலி, விளக்கு, குறுக்கெழுத்துப் புத்தகம், கழுத்தில் இன்ஹேலர். ஆட்டம் தொடங்கும்போது ராணி மாதிரி மாலையெல்லாம் போட்ட பாவனையில் இறங்கிப்போவாள். "என் ஜனங்களே, போயிட்டு வர்றேன்" என்று கையசைப்பாள். அப்போது தாழ்ப்பாளெல்லாம் கிடையாது. முடிந்ததும் நான் கதவை இழுத்துத் திறப்பேன்.

ஊருக்கே தெரியும். வெண்டெலின் மனைவி 'நிலவறை ராணிக்கு' என்று சீட்டு வைத்து ஒரு புளுபெர்ரி பணியாரம் சுட்டு அனுப்பினாள். தேவாலயத்தில் பாதிரியார் அவள் கையைக் குலுக்கி, "இன்னிக்கு டபுள் ஹெட்டர், ரெண்டு ஆட்டம். தாங்குவீங்களா?" என்று கேட்டார். மைதானத்தில் யாரோ ஒரு பதாகை பிடித்தார்கள்: 'லோர்னா, கீழேயே இரு.' உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. அவள் அதை வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் என்றவள் ஐந்து வாரம் இறங்கினாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஜூலை நடுவில் இருமல் வந்தது. கீழே ஈரம், சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. இருந்த ஒரே சன்னலையும் முந்தின வருடம்தான் கண்ணாடிக் கற்களால் அடைத்திருந்தோம். ஒரு நாள் மேலே வந்து மேசையில் கையூன்றி நின்றாள். மூச்சு விடும்போது நெஞ்சிலிருந்து கெட்டில் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"போதும்பா ஆரின். விளையாட்டு வேற, நெஞ்சு வேற. நாளைலேருந்து நான் இறங்க மாட்டேன்."

 அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வரிசையாக நாலு ஆட்டம் தோற்றோம். டவாரஸ் பதினாறு தடவை மட்டையோடு வந்து ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஊரில் யாரும் லோர்னாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். "உடம்பு எப்படி லோர்னா?" என்று கேட்பார்கள். பதிலைக் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

வெண்டெலின் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். நாலங்குலம், பித்தளை. அவன் அதைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டே, "எதுக்குய்யா தாழ்ப்பாள்? ராணி தப்பிச்சு ஓடுறாளா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் தடவை தாழ்ப்பாள் போட்ட அன்று அவள் அழுதாள். இரண்டரை மணி நேரம்தான். இன்ஹேலர் கையில் இருந்தது. டவாரஸ் இரண்டு அடித்தான். வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "உனக்கு நான் வேணுமா, அவங்க ஜெயிக்கணுமா?" அது நியாயமான கேள்வியா, சொல்லுங்கள். இரண்டும் வேண்டும் என்பதால்தானே இவ்வளவு பாடும்?

அன்று அவள் ஜோனிக்குத் தொலைபேசியில் பேசினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், தடுக்கவில்லை.

"ஜோனி, அவர் என்னை நிஜமாவே பூட்டிட்டாரு."

ஜோனி சிரித்தது மேசை வரைக்கும் கேட்டது. "ஆம்பளைங்க சீசன்ல அப்படித்தான்டி. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசமா ஒரே காலுறை. நாத்தம் தாங்கல. உனக்காவது கீழ குளுகுளுன்னு இருக்கு."

லோர்னா தொலைபேசியை வைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். ஜோனி இப்போது உங்களிடம் வந்து அழுகிறாள். அவளிடம் இதையும் கேளுங்கள். தங்கை மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் கேட்கத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகு ஆறு தடவை தாழ்ப்பாள் போட்டேன். ஆறும் ஜெயித்தோம். ஒவ்வொரு தடவையும் அவள் இன்ஹேலரோடுதான் இருந்தாள்.

ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறு. அன்று ஜெயித்தால் இறுதிச் சுற்று, தோற்றால் வீடு. கடும் வெயில். தேவாலயத்திலிருந்து வந்ததும் லோர்னா ஒரு பெட்டியில் துணி அடுக்கினாள். ஆட்டம் நடக்கும் நேரம் ஜோனி வீட்டில் இருக்கப்போகிறேன் என்றாள். கார்ச் சாவி, இன்ஹேலர் எல்லாம் கைப்பையில், கைப்பை சமையலறை நாற்காலியில். நான் போகாதே என்று சொல்லவில்லை. அவளுடைய நீல மேல்சட்டை கீழே உலர்த்தியில் கிடந்தது.

"நீ போய் எடுத்துட்டு வாயேன்" என்றாள்.

எனக்கு முழங்கால் வலி. அது பொய் இல்லை, மருத்துவர் சீட்டு இருக்கிறது. சொன்னேன். அவள் நிலவறைக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பூட்ட மாட்டியே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா, லோர்னா."

அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை மேடம். அப்போது அப்படி ஒரு எண்ணமே இல்லை. அவள் நாலாவது படியில் இருக்கும்போது வானொலியில் ஆடப்போகிறவர்கள் பெயரை வாசித்தார்கள். டவாரஸ் இல்லை. மணிக்கட்டில் அடி. வீசப்போவது ஈலை ப்ரூயிட். வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றுக்கொடுத்த பையன். பதினான்கு வருடம் காத்திருந்த ஆட்டத்துக்கு டவாரஸ் இல்லை, ப்ரூயிட் வீசுகிறான். நான் எழுந்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். முழங்கால் வலித்தது.

இப்போது ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். ஒன்பது சுற்று, சுற்றுக்கு மூன்று அவுட், மொத்தம் இருபத்தேழு. வீச்சாளன் ஒருவன் இருபத்தேழு பேரையும், ஒருவரைக்கூட முதல் தளத்தைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பினால் அதற்கு முழுமையான ஆட்டம் என்று பெயர். பெரிய லீக்கிலேயே எத்தனையோ வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். நடந்துகொண்டிருக்கும்போது யாரும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வீரர்கள் வீச்சாளன் பக்கத்தில்கூட உட்கார மாட்டார்கள். வர்ணனையாளர் அந்தச் சொல்லை எடுக்க மாட்டார். கேட்கிறவன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. சிறுநீர் வந்தாலும் எழ மாட்டோம். இது நான் கண்டுபிடித்தது இல்லை. இந்த நாட்டில் ஆட்டம் பார்க்கிற எல்லோரும் செய்வது.

முதல் இரண்டு சுற்றும் லோர்னா திட்டினாள். அவள் அப்படித் திட்டி நான் கேட்டதில்லை, ஆனால் நல்ல தெம்போடு திட்டினாள். ப்ரூயிட் ஆறு பேரை அனுப்பினான். மூன்றாவது சுற்றில் இருமல் தொடங்கியது. நாலாவதில் தட்டல். ஐந்தாவது முடிந்தபோது பதினைந்து பேர் வந்து பதினைந்து பேரும் திரும்பியிருந்தார்கள்.  வானொலியைச் சத்தமாக வைத்தேன். அந்த வர்ணனையாளருக்குக் குரல் சன்னம். கையை நீட்டினால் எட்டும், எழ வேண்டியிருக்கவில்லை.

ஆறாவது சுற்றில் லோர்னா சொன்னது தெளிவாகக் கேட்டது. கதவைத் திறக்கச் சொல்லவில்லை. "ஆரின், பை... என் பை..." என்றாள். இன்ஹேலர் பையில் இருந்தது. பை எதிர் நாற்காலியில் இருந்தது. கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற இடைவெளிதான். இன்ஹேலர் அதில் நுழையாது. நான் பார்த்தேன். அதாவது உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணால் அளந்து பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வெண்டெல் பின்வாசல் வலைக்கதவருகே வந்தான். ஆட்டம் கேட்பதற்கு அவன் வீட்டில் ஒரு குறிப்பிட்ட படி உண்டு, அதை விட்டு ஓடி வந்திருந்தான். மூச்சு வாங்கியது.

"கேக்குறியா ஆரின்? கேக்குறியா?"

"கேட்டுட்டுதான் இருக்கேன்."

"கீழ யாரு தட்டுறது?"

"லோர்னா."

"அட, இன்னிக்கும் இறங்கிட்டாளா! தங்கம்யா அவ." கையை வாய்க்குக் குவித்துக் கதவைப் பார்த்துக் கத்தினான்: "லோர்னா! இன்னும் மூணே சுற்றுதான்! தாங்கிக்கோம்மா!" என்னைப் பார்த்து விரலை ஆட்டினான். "அசையாதே. ஒரு விரலைக்கூட அசைக்காதே." திரும்ப அவன் படிக்கே ஓடிவிட்டான்.

வெண்டெல் குரல் கேட்டதும் தட்டல் வேகமானது. அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் வேகமாகவே இருந்தது. அவன்மேல் குற்றம் இல்லை. தாழ்ப்பாளை விற்றவன்தான், ஆனால் அவனுக்கு எல்லாமே வேடிக்கை.

ஏழாவது சுற்று: இருபத்தொன்று. தட்டலுக்கு இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அந்தச் சுற்றின் கடைசி ஆள் மட்டும் ஒன்பது பந்து நின்றான். எட்டாவது சுற்றின் இரண்டாவது ஆள் அவுட்டானபோது ஒரு தட்டல் கேட்டது. மூன்றாவது ஆள் அவுட்டானபோது கேட்கவில்லை. எனக்கு அது தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் பொய். அவள் களைத்துப்போய்த் தூங்கியிருக்கலாம் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது சுற்று. இருபத்தைந்து. இருபத்தாறு. கடைசி ஆள் அடித்த பந்து மையத்தில் வெகு உயரம் போனது. வர்ணனையாளர் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு கூட்டத்தின் சத்தம். பிடித்துவிட்டார்கள். மணி நாலு பத்து. ஒரு ரன்னுக்குப் பூஜ்யம். ஊர் முழுக்கக் கார்கள் ஹாரன் அடித்தன, தேவாலயத்தில் மணி அடித்தார்கள். நான் மேசையில் தலை வைத்து அழுதேன். அப்பா செத்தபோது அழாதவன். மேடம், அந்த அழுகை உங்களுக்குப் புரியாது. இருபத்திரண்டு வயதுப் பையன், ஐந்து ஆட்டம் தோற்ற பையன், ஊர் மானத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு இருபத்தேழு பேரை அனுப்பியிருக்கிறான்.

அவனிடம் வானொலியில் பேசினார்கள். அதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். பதினொரு நிமிடம். கதவைத் திறந்தபோது முதலில் அவள் கைதான் வெளியே விழுந்தது. மேல் படியில் கதவோடு சாய்ந்திருந்தாள். நீல மேல்சட்டை தோளில் கிடந்தது. உதடும் கிட்டத்தட்ட அதே நிறம். நாடியைப் பார்த்தேன். பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், எனக்கு இதெல்லாம் தெரியும். இல்லை என்று தெரிந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நாலு நாற்பதுக்கு. நடுவில் இருந்த நேரம் என்ன ஆனது என்று கேட்டீர்கள். தாழ்ப்பாளைக் கழற்றினேன். ஆறு திருகாணி. ஓட்டைகளை மக்குப் பசை வைத்து அடைத்து, மேலே வெள்ளை பூசினேன். கதவு ஈரத்தில் உப்பி இறுகிவிட்டது, நான் வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தேன் என்று வந்தவர்களிடம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கதவு இறுகும் என்பது ஊருக்கே தெரிந்த கதைதானே. புல் வெட்டப்படவில்லை என்பதைக் கவனித்தது ஜோனி ஒருத்திதான். கைப்பை எதிர் நாற்காலியில் இருந்ததைக் கவனித்ததும் அவள்தான்.

ஆக, ஆமாம். தாழ்ப்பாளைப் போட்டவன் நான். மூச்சுத் திணறுகிறது என்று தெரிந்தும் திறக்காதவன் நான். மறைத்தவனும் நான். கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

சவ அடக்கத்துக்கு அணி முழுவதும் வந்தது, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ப்ரூயிட் அந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தை என் கையில் கொடுத்தான். "இது அவங்களோடது சார்" என்றான். அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இறுதிச் சுற்றில் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றோம். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வீட்டில் கீழே யாரும் இல்லையே.

இன்று காலையிலிருந்து நீங்கள் கேட்ட எதுவும் என்னை வருத்தவில்லை. ஒன்றைத் தவிர. ஜோனி போய் ப்ரூயிட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவன் மைதானத்து வாசலிலேயே வாந்தி எடுத்தான், இனிமேல் பந்தைத் தொட மாட்டேன் என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டான் என்றீர்களே, அது. கொடுத்த பந்தைத் திரும்பக் கேட்கிறான், ஏரியில் எறிவதற்கு. என் வாழ்நாளில் யாரும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை. ஒருத்தனுக்காக மனிதன் எவ்வளவுதான் செய்ய முடியும்? அவனிடம் யாராவது எடுத்துச் சொல்லுங்கள். அந்த இருபத்தேழு பேரும் அவன் சம்பாதித்தது. அதை யாரும் அழிக்க முடியாது.

கடைசியாக நீங்கள் கேட்டது. நான் கீழே இருந்து, லோர்னா அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், ஏழாவது சுற்றோ எட்டாவது சுற்றோ, அவள் என்ன செய்திருப்பாள் என்று கேட்டீர்கள். நேர்மையாகவே யோசித்தேன். முப்பத்து நாலு வருடம் கூட வாழ்ந்தவன், எனக்குத் தெரியாதா? முதல் தட்டலிலேயே திறந்திருப்பாள்.

அவளுக்கு ஆட்டத்தின் மேல் அவ்வளவுதான் பற்று.